வேடந்தாங்கல் ஏரியும் ஒரு கவுல் கடுதாசியும்

சம்பா அறுப்பு முடிஞ்சு நெல் வீடு வந்து சேர்ந்தாச்சு. நவரைக்கு நாத்து விட்டிருக்கு, பறிச்சு நட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வருஷத்துல எங்களுக்குக் கிடைக்கிற ஒரே இடைவெளி இதுதான். இந்தத் தையில அந்த இடைவெளியில பேரனைக் கூட்டிக்கிட்டு வேடந்தாங்கல் போய் வந்தேன். சும்மா சுத்திப் பார்க்கன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பினாலும், போனதுக்கு உள்ளுக்குள்ள வேற காரணம் இருந்தது.

எங்க ஊரு ஏரியில மதகு ஓரமா நாட்டுக் கருவேல மரம் ஒரு நாப்பது அம்பது நிக்குது. நாலஞ்சு வருஷமா நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் அதுல வந்து கூடு கட்டுது. இந்த வருஷம் ஏரியில இருக்கற மரத்தை எல்லாம் ஏலம் விடப் போறதா ஊருல பேச்சு. சீமைக் கருவேலத்தை வேரோட எடுக்கட்டும், யாரு வேணாம்னா? அது தண்ணியையும் குடிக்கும், கரையையும் அடைக்கும். ஆனா "எல்லா மரமும்"னு எழுதிட்டா நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போயிடும். அதைச் சொன்னதுக்கு ஒரு பங்காளி, "இன்னா சித்தப்பா, கொக்குக்குப் பட்டா வாங்கித் தரப் போறீயா?"ன்னு கேட்டான். சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்திச்சு. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. கொக்குக்குப் பட்டா வாங்கின ஊர் ஒண்ணு நம்ம பக்கத்துலயே இருக்கேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்தது.

வந்தவாசி பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி மதுராந்தகத்துல இறங்கினோம். மதுராந்தகம் வந்தா ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போகாம வர முடியாது. அந்தக் கோயில் கதை நம்ம பக்கத்து ஜனங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வருஷா வருஷம் மழையில ஏரிக்கரை உடைஞ்சுகிட்டே இருந்ததாம். கும்பினி கலெக்டர் பிளேஸ் துரை வந்து பார்த்தாரு. ஊருக்காரங்க தாயார் சன்னதி கட்டித் தரச் சொன்னாங்க. "உங்க சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாத்தட்டும், நான் கட்டித் தர்றேன்"னாரு துரை. பேய்மழை கொட்டுன ஒரு ராத்திரி அவர் கரைக்குப் போனப்ப, வில்லும் கையுமா ரெண்டு பேர் காவல் நிக்கறதைப் பார்த்தாராம். கரை உடையலை. சன்னதி வந்தது. கதையை நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். தாயார் சன்னதியில அந்தக் கலெக்டர் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, அதை இன்னைக்கும் பார்க்கலாம்.

பேரன் கேட்டான், "தாத்தா, வெள்ளைக்காரனுக்கு எதுக்கு நம்ம ஏரி மேல அக்கறை?"

நல்ல கேள்விதான். பதில் ஒரே வார்த்தை: கிஸ்தி.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீரா எழுதிக் கொடுத்தாரு. கடனுக்கும் படை உதவிக்கும் ஈடு. அதுக்கப்புறம் 1780இல் ஐதர் அலி படையெடுத்து வந்தாரு. காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ச் சண்டை நடந்தது அப்பத்தான். அந்தக் காலத்துல இந்தச் சீமை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஊர் ஊரா ஜனங்க ஓடிட்டாங்க. நிலம் தரிசாக் கிடந்தது. எங்க பாட்டி எதாவது சாமான் காணாமப் போனா "ஐதர் கலாபத்துல போனாப்புல போச்சு"ன்னு சொல்லும். அப்படின்னா என்னன்னு அதுக்கே தெரியாது, அது அதோட பாட்டி சொன்னது.

லயோனல் பிளேஸ் 1794இல் இந்த ஜாகீருக்குக் கலெக்டரா வந்தாரு, 1798 வரைக்கும் இருந்தாரு. அவர் வந்தப்போ பாதி ஏரி கரை உடைஞ்ச நிலையில இருந்திருக்கு. ஏரி இல்லாம நெல் இல்லை, நெல் இல்லாம கிஸ்தி இல்லை. அதனால ஏரி மராமத்துல இறங்கினாரு. மனுஷன் ஒண்ணும் தர்மப்பிரபு இல்லை. வசூல்ல ரொம்பக் கெடுபிடி, மிராசுதாரர்களோட பெரிய தகராறு எல்லாம் நடந்திருக்கு. ஆனா விவசாயத்துக்கு எது வேணும்னு புரிஞ்சுக்கிட்ட அதிகாரி. அந்த வகையறா எந்தக் காலத்துலயும் கம்மி.

இந்த பிளேஸ் துரை கிட்டதான் வேடந்தாங்கல் ஜனங்க போய் நின்னாங்க.

மதுராந்தகத்துலேர்ந்து டவுன் பஸ்ல போறப்ப ரெண்டு பக்கமும் வயல். அறுத்த தாளடியில மாடு மேயுது, மாட்டு முதுகுல உண்ணிக்கொக்கு. வேடந்தாங்கல் போய் இறங்கினா ஒரு பெரிய காடு, மலை, அருவின்னு நினைச்சு வர்றவங்களுக்கு ஏமாற்றமா இருக்கும். அது ஒரு ஏரி, அவ்வளவுதான். 30 எக்டேருக்குப் பக்கம், நம்ம கணக்குக்கு எழுபத்திச் சொச்சம் ஏக்கர். நம்ம ஊர் ஏரி அதைவிடப் பெரிசு. தாங்கல்னாலே சின்ன ஏரிதானே. வேடன் தாங்கல், வேடர்கள் இருந்த ஊர். ஒரு காலத்துல இந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரங்க வேட்டையாட வந்த இடம்னு சொல்றாங்க. பேரு வேட்டைக்காரன் பேரு, பொழைப்பு பறவையைக் காக்கற பொழைப்பு.

டிக்கெட் வாங்கிக் கரை மேல ஏறினோம். கரை மேல நிழலோட நல்ல நடைபாதை போட்டிருக்காங்க. நடுநடுவுல உட்கார இடம், பார்வைக் கோபுரம், வாடகைக்கு பைனாகுலர். முதல்ல வர்றது சத்தம். ஒரு மாதிரி கொர் கொர்னு, தவளையும் பன்றியும் சேர்ந்து கத்தினாப்புல. அது நீர்க்காகம். டக டகன்னு கட்டை தட்டற சத்தம் நாரைங்க அலகைத் தட்டறது. அப்புறம் வாடை. அந்த வாடையைப் பத்தி எந்தச் சுற்றுலாப் புத்தகமும் எழுதாது. மூக்கைப் பொத்திக்கிட்டு நடந்த பட்டணத்துப் பிள்ளைங்களைப் பார்த்தேன். எனக்கு அது நல்ல எருக்குழி வாடையாத்தான் தெரிஞ்சுது.

ஏரி நடுவுல நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணியில நிக்குது. மரம் முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடிச்சாப்புல இலை, கிளை எல்லாம் எச்சம். ஒவ்வொரு கிளைக்கும் கூடு. உச்சியில மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கொஞ்சம் கீழ நத்தைகுத்தி, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், அதுக்கும் கீழ நீர்க்காகமும் வக்காவும். பாம்புத்தாரா ஒண்ணு கழுத்தை மட்டும் தண்ணிக்கு வெளியே நீட்டிக்கிட்டுப் போச்சு. பேரன் பாம்புன்னே நினைச்சுட்டான். ஓரத்துல ஊசிவால் வாத்தும் கிளுவையும் கூட்டமா மிதக்குது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். "எல்லாம் வெளிநாட்டுப் பறவை, ஆஸ்திரேலியாவுலேர்ந்து முட்டை போட இங்க வருது"ன்னு ஒரு அப்பா தன் பிள்ளைக்குச் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்லுவோம். அது சரியில்லை. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கற நாரை, கூழைக்கடா, கொக்கு எல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்கதான். மழை பெய்ஞ்சு ஏரி நிறைஞ்சா வரும், காஞ்சா வேற இடம் தேடிப் போகும். இந்த வாத்துங்கதான் வடக்கே குளிர் தேசத்துலேர்ந்து வர்றது. அதுங்க இங்க கூடு கட்டாது, குளிர் காலத்தைக் கழிச்சிட்டு ஊரைப் பார்க்கப் போயிடும்.

சரி, கதைக்கு வருவோம். கும்பினிச் சிப்பாய்ங்க இந்த ஏரிக்குத் துப்பாக்கியோட வந்து பறவைங்களைச் சுட ஆரம்பிச்சாங்க. ஊர் ஜனம் கூடிப் போய்க் கலெக்டர் கிட்ட முறையிட்டாங்க. பறவைன்னா பாவம், உயிர்னா தர்மம்னு அவங்க வாதாடினதா யாரும் சொல்றதில்லை. வயலைக் காட்டினாங்க. இந்தப் பறவை எச்சம் தண்ணியில கரையுது, அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் பாயுது, அதனாலதான் இங்க பயிர் இப்படி நிக்குது, பறவை போச்சுன்னா விளைச்சல் போச்சுன்னு சொன்னாங்க. 1798இல் பிளேஸ் அவங்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தாரு. ஏரியில பறவைங்களை யாரும் தொல்லை பண்ணக் கூடாது, அதைத் தடுக்க ஊருக்கு உரிமை உண்டு.

கவுல்ங்கற சொல்லு பழைய நிலப் பத்திரத்துல பார்த்திருப்பீங்க. அரபுச் சொல், வாக்குன்னு அர்த்தம். சர்க்கார் குடியானவனுக்கு எழுத்துல கொடுக்கற வாக்கு. பெரும்பாலும் தரிசை உழுதா இத்தனை வருஷம் தீர்வை இல்லைன்னு கொடுக்கறதுதான் கவுல். அதே கடுதாசியைப் பறவைக்காக வாங்கின ஊர் இது. அமெரிக்காவுல யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவா அறிவிச்சது 1872இல்தான். அதுக்கு 74 வருஷம் முன்னாடி, நம்ம பக்கத்துக் குடியானவங்க எருவுக்காகப் போய் ஒரு சரணாலயத்துக்கு எழுதி வாங்கிட்டு வந்துட்டாங்க. சரணாலயம்ங்கற வார்த்தை அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

எனக்கு இதுல ஒரு ஊகம் உண்டு. இது என் சொந்தக் கணக்கு, புத்தகத்துல தேடாதீங்க. கலாபம் நடந்து பதினெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. படை போன வழியில ஆடு மாடு மிஞ்சியிருக்காது. மாடு போனா சாணி போச்சு, கிடை போச்சு. திரும்பக் குடியேறி, ஒண்ணு ரெண்டு மாட்டோட உழ ஆரம்பிச்ச ஊருக்கு, வானத்துலேர்ந்து விழற எரு எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்? யூரியா மூட்டைக்குச் சொசைட்டி வாசல்ல நின்னவனுக்குத்தான் அது புரியும்.

அந்தக் கடுதாசி அப்புறம் கைமாறிக் கைமாறித் தொலைஞ்சு போச்சு. ஊர்க்காரங்க விடலை. 1858இல் மறுபடி கலெக்டரைப் பார்த்துப் புதுசா எழுதி வாங்கினாங்க. நடுவுல அறுபது வருஷம், ரெண்டு தலைமுறை. துரை மாறியாச்சு, கும்பினியே போய் ராணி ஆட்சி வந்த வருஷம் அது. ஆட்சி மாறும்போது பழைய உரிமையைப் புதுப்பிச்சுக்கணும்னு அவங்களுக்குத் தோணியிருக்கு பாருங்க. அதுக்கப்புறம் 1936இல் சரணாலயமா அங்கீகாரம், 1962இல் வனச் சட்டத்துக்குள்ள வந்தது, 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1998இல் ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் சரணாலயம்னு அறிவிப்பு, 2022இல் ராம்சார் பட்டியல். பக்கத்துல இருக்கற கரிக்கிலி ஏரியும் அதே வருஷம் அந்தப் பட்டியலுக்கு வந்தது.

நடுவுல 2020இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆக்கலாம்னு ஒரு யோசனை கிளம்பிப் பெரிய எதிர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கும். அப்ப டிவியில ஒருத்தர் கேட்டாரு, பறவை இருக்கறது ஏரிக்குள்ள, சுத்தி 5 கிலோமீட்டர் எதுக்குன்னு. நான் கரையில நின்னு ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்தேன், அதுக்குப் பதில் அங்கேயே இருக்கு. இந்தச் சின்ன ஏரி மீனை வச்சு இத்தனை ஆயிரம் வாய்க்குச் சோறு போட முடியுமா? முடியவே முடியாது. ஒவ்வொரு நாரையும் ஏரியை விட்டு வெளியே பறக்குது. திரும்ப வர்றப்ப தொண்டை நிறைய மீன், நத்தை, தவளை. நாலா பக்கமும் ஏரி, குட்டை, சேத்து வயல்னு எல்லாத்துலயும் மேய்ஞ்சுட்டு இங்க வந்து குஞ்சுக்குக் கக்குது. அந்த எச்சம் இந்தத் தண்ணியில விழுது. அப்படின்னா, அக்கம்பக்கத்து ஊர் வயல்ல இருக்கற தழைச்சத்தும் மணிச்சத்தும் நத்தையா மாறி, எச்சமா மாறி, வேடந்தாங்கல் வயலுக்குப் போகுது. பேரன் கிட்ட இதைச் சொன்னதும், "அப்ப இவங்க நம்ம எருவைத் திருடறாங்களா தாத்தா?"ன்னான். கூலி வாங்கிக்கிட்டுத்தாண்டா எடுத்துட்டுப் போகுது, வயல் நத்தையையும் நண்டையும் தின்னு தீர்க்குதே, அதுதான் கூலின்னேன்.

வாசல்ல டீக்கடையில ஒரு பெரியவர் துண்டை விரிச்சு உட்கார்ந்திருந்தாரு. என்னைவிடப் பத்து வயசு மூப்பு. கையைப் பார்த்ததுமே குடியானவர்னு தெரிஞ்சுது. அவருக்கும் அப்படியே தெரிஞ்சிருக்கும் போல.

"எந்த ஊருங்க?"

"வந்தவாசி பக்கம்ங்க ஐயா."

"நாத்து விட்டாச்சா?"

"ஆச்சுங்க. உங்க ஏரித் தண்ணிக்கு உரம் போட வேணாம்ங்கறாங்களே, நெசமாங்களா?"

சிரிச்சாரு. "வேணாம்னு இல்லை. எங்க அப்பா காலத்துல போட்டதே இல்லை. இப்ப பையனுங்க போடறானுங்க. மத்த ஊரு போடறதுல கம்மியாத்தான் போடறோம். ஏரித் தண்ணி நேரா பாயற நிலத்துல யூரியா ஜாஸ்தி போட்டா பயிர் படுத்துக்கும்."

தீபாவளிக்கு வெடி போடறதில்லையாமேன்னு கேட்டேன். "பழக்கமாயிடுச்சு. கூடு கட்டற நேரத்துலதானே தீபாவளி வருது. சின்னப் பசங்க கேட்பானுங்க, மத்தாப்பூ வாங்கிக் குடுத்துடுவோம்"னாரு. பெருமையா எல்லாம் சொல்லலை, கல்யாணம் ஆனவன் தாலி கட்டினேன்னு சொல்றாப்புலதான் சொன்னாரு. சிவகங்கைச் சீமையில கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்களும் வேட்டங்குடி ஏரிப் பறவைக்காக வெடி போடறதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துல ஊர் நடுவுல வீட்டு மரத்துலயே கூடு கட்டுதுங்க, கீழ விழுந்த குஞ்சை ஊர்க்காரங்களே எடுத்துப் பார்த்துக்கறாங்க.

எங்க ஊர் ஏலக் கதையைச் சொன்னேன். டீயை ஆத்திக்கிட்டே பொறுமையாக் கேட்டாரு.

"எத்தினி வருஷமா கூடு கட்டுது?"

"நாலஞ்சு வருஷம்ங்க."

"அப்ப இப்பத்தான் நம்ப ஆரம்பிச்சிருக்கு. ஒரு வாட்டி வெட்டிப்புட்டா மறுபடி இருபது வருஷம் ஆவும். ஊருல பேசிக்கோ. ஆனா பேச்சோட விட்டுடாதே, எழுதி வாங்கு. எங்க பெரியவங்க வாங்கின காயிதத்தையே தொலைச்சுட்டுத் திரும்ப நடந்தாங்க. நீ ரெண்டு காப்பி எடுத்து வச்சுக்க."

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி கரைக்குப் போனோம். அதுதான் பார்க்க வேண்டிய நேரம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் போறவங்க காலையில சீக்கிரமோ, சாயங்காலம் நாலு மணிக்கு மேலயோ போங்க. பகல்ல போனா பாதிப் பறவை வேலைக்குப் போயிருக்கும். மேற்க வெளிச்சம் இறங்க இறங்க, நாலா திசையிலேர்ந்தும் கூட்டம் கூட்டமா வந்து இறங்குது. அதே நேரம் வக்கா கிளம்பி வெளியே போகுது, ராத்திரி ஷிப்ட். பேரன் எண்ண ஆரம்பிச்சு இருநூறைத் தாண்டினதும் விட்டுட்டான். நான் மேற்குப் பக்கம் போற வக்காவையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

திரும்பி வந்த பத்தாம் நாள் ஊர்க்கூட்டம். நான் பிளேஸ் துரை கதையை முழுசாச் சொன்னேன். பாதிப் பேரு கேட்டாங்க, பாதிப் பேரு செல்போன் பார்த்தாங்க. பங்காளிக்கு மட்டும் யூரியா விஷயம் காதுல ஏறிச்சு, மதகுக்கு நேர் கீழ அவன் நிலம்தான் இருக்கு. "அப்ப எனக்குத்தான் லாபமா சித்தப்பா?"ன்னான். ஆமாண்டான்னேன். ரொம்ப நேரம் இழுபறி. மரம் வித்த காசுல கரைக்கு மண் அடிக்கலாம்னு சொன்னவங்க பேச்சுலயும் நியாயம் இருக்கு, கரை நிஜமாவே மோசமாத்தான் இருக்கு. கடைசியில, சீமைக் கருவேலத்தை மட்டும் இப்ப ஏலம் விடறது, மதகு ஓரத்து நாட்டுக் கருவேலத்தைக் குஞ்சு பறக்கற வரைக்கும் தொடறதில்லை, வைகாசியில மறுபடி கூடிப் பேசறதுன்னு முடிவாச்சு.

முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன், வைகாசி வர இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. ஆனா தீர்மானத்தை நோட்டுல எழுதச் சொல்லி, எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன். பேரனை விட்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்தாச்சு. ஒண்ணு பட்டா, சிட்டா வச்சிருக்கற தகரப் பொட்டியில இருக்கு. இன்னொண்ணைப் பங்காளி கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்.